அக்னி நட்சத்திரத்து வடகம்

வேறொரு தீவில் இருக்கும் என் தங்கை ஹட் பேயிலிருந்து போன் செய்து மாங்காய் கேட்டிருந்தால் பிரச்சினையே இல்லை. கூழ்வடகம் கேட்டாள், அதுவும் அம்மா போடுகிற மாதிரி. அவளுக்கு ஏழாம் மாதம். அம்மா போன வருடம்தான் தவறினாள். வளைகாப்புக்கு அம்மா இடத்தில் நான்தான் போய் நிற்க வேண்டும். வடகம் சொதப்பினால் அந்த இடத்துக்கு நான் லாயக்கில்லை என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதி வைத்துக்கொண்டேன்.

அம்மாவின் வடகச் சட்டம் எனக்கு மனப்பாடம். அக்னி நட்சத்திரம் தொடங்கி முதல் வாரம் மாவைத் தொடக்கூடாது, வெயில் இன்னும் பிஞ்சு என்பாள். பத்தாம் நாள்தான் கூழ் காய்ச்சுவாள். திருநெல்வேலியில் சூரியனே அவளைக் கேட்டுத்தான் காய்ந்தது என்று நாங்கள் கேலி செய்வோம்.

போர்ட் பிளேரில், டெலானிபூர் குவார்ட்டர்ஸில் எங்களுக்குக் கீழ்வீட்டில் ஒரு முஸ்லிம் அக்கா, ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், வீட்டுக்காரருக்குப் பஜாரில் துணிக்கடை. நான் மாவு அரைத்து வருவதைப் படியில் பார்த்துவிட்டார்.

"இப்பப் போயா வடகம்? பாரிஷ் வந்துரும்மா. இங்க தை மாசியிலேயே போட்டு முடிச்சிரணும்."

மழையா என்று வானத்தைக் காட்டினேன், துடைத்து வைத்த மாதிரி இருந்தது. நாளை அக்னி நட்சத்திரத்தின் பத்தாம் நாள் என்று, எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் மெயின்லேண்ட் காலண்டரையும் சாட்சிக்கு இழுத்தேன். அந்தக் காலண்டர் கப்பலில் வரும்போதே நனைந்து போயிருக்கும் என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. அம்மாவைச் சொன்ன மாதிரி எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்துக் கரண்டி கரண்டியாக ஊற்றினேன். காக்காய்க்குப் பயந்து கறுப்புக் குடையையும் விரித்து வைத்தேன். கைப்பிடிச் சுவரில் ஒரு பெரிய எறும்பு வரிசை ஏறிக்கொண்டிருந்தது, ஒவ்வொன்றின் வாயிலும் வெள்ளையாக ஏதோ. என் கூழுக்குத்தான் வருகின்றன என்று நினைத்து, எறும்புச் சாக்பீஸால் குறுக்கே கோடு போட்டேன். அவை என்னையும் மதிக்கவில்லை, என் வடகத்தையும் மதிக்கவில்லை. கோட்டைச் சுற்றிக்கொண்டு மேலே போயின.

மூன்று மணிக்கு மின்னி பே கடல் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. நான் மேலே ஓடிப்போய் வேட்டியின் ஒரு முனையைப் பிடிப்பதற்குள் முதல் சொட்டு விழுந்துவிட்டது. ராத்தா மூச்சிரைக்க ஏறி வந்து மறுமுனையைப் பிடித்தார். 'நான் அப்பவே சொன்னேன்' என்று அவர் சொல்லாததுதான் எனக்கு அதிக அவமானமாக இருந்தது.

படியில் பாதி வழியில் அந்த வெள்ளை என்னவென்று உறைத்தது. முட்டை. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறினால் கொடியில் கிடக்கும் துணியை எடுத்துவிட வேண்டும் என்பதும் அம்மாவின் சட்டம்தான். காலண்டரில் இருந்ததை மட்டும் நான் நினைவில் வைத்திருந்தேன். கைப்பிடிச் சுவரில் ஏறியதை மறந்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலையில் கப்பல். டிக்கெட்டை மாற்ற முடியாது. இரவெல்லாம் மின்விசிறிக்கு அடியில் போட்டும் வடகம் நடுவில் கொழகொழவென்றே இருந்தது. அதைத் தட்டில் பரப்பி மடியில் வைத்துக்கொண்டே ஹட் பே போய்ச் சேர்ந்தேன். பக்கத்து சீட்காரர் இரண்டு முறை மூக்கைச் சுளித்துவிட்டு இடம் மாறி உட்கார்ந்தார்.

தட்டைத் தங்கை முன் வைத்து, காயவில்லை, மன்னித்துக்கொள் என்றேன். அவள் ஒன்றை எடுத்துப் பொரிக்காமலே வாயில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். எங்கள் சின்ன வயதில் மாடியில் பாதி காய்ந்திருக்கும்போதே திருடித் தின்று முதுகில் அடி வாங்கியது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"இதத்தாங்க்கா கேட்டேன். காஞ்ச வடகம் இங்க கடையிலயே கெடைக்குமே."

ஆறோ ஏழோ தின்றாள். எறும்புக்கு நான் கோடு போட்ட கதையைச் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கியபோது அவள் கண்ணும் நிறைந்திருந்தது. பிறகு எழுந்து போய், ஜன்னல் ஓரம் ஊர்ந்துகொண்டிருந்த எறும்புகளுக்குப் பக்கத்தில் ஒரு வடகத்தை வைத்தாள்.

"தின்னட்டும்க்கா. அம்மா சொன்னபடி ஒழுங்கா நடந்தது இதுங்க மட்டுந்தான்" என்றாள்.