யோசப் அண்ணை வராத தேர்தல்

கையுயர்த்தச் சொல்லும்போதெல்லாம் விமலநாதன் அண்ணை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். சங்கத்தின் பொதுக்கூட்டங்களில் குசினி யன்னலுக்குப் பின்னால் நின்று தேநீர் ஊற்றுகிற எனக்கு அது நன்றாகத் தெரியும். கைகள் இறங்கிய பிறகுதான் கண்ணாடி மூக்கில் ஏறும். யார் கையைத் தூக்கவில்லை என்று பார்த்துவிட்டால் அவர் அதை மறக்கமாட்டார். அதற்காகத்தான் பார்ப்பதில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

கெல்சென்கிர்ச்சனில் எங்கள் சங்கம் தொடங்கிய நாளிலிருந்து அவர்தான் தலைவர். இரவில் கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை. விடிந்ததும் தூங்காமல், யாருக்காவது தெர்மீன் என்று நேரம் குறித்துக் கொடுத்திருந்தால் அவரோடு வெளிநாட்டவர் அலுவலக வாசலில் நிற்பார். டொச் மொழி அரைகுறைதான். ஆனாலும் காரியம் முடியாமல் கதிரையை விட்டு எழும்பமாட்டார். என் அலுவலுக்கும் அப்படித்தான் வந்து இருந்தார். நான் வாயே திறக்கவில்லை, அவரே எல்லாம் பேசினார்.

நகரத்தில் தேர்தல் வந்தால் பொங்கல் விழாவுக்கு ஒரு கட்சிக்காரரைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துவார். அடுத்த தேர்தலுக்கு மற்றக் கட்சிக்காரர் வருவார்.

"போன முறை போர்த்ததைத் திருப்பி வாங்கித்தானே இவருக்குப் போர்த்தனீர்?" என்று செயலாளர் யோசப் அண்ணை எல்லாருக்கும் கேட்கக் கேட்பார்.

"வெல்லுறவனுக்கு ஒண்டு, தோக்கிறவனுக்கு ஒண்டு. ஆர் வந்தாலும் எங்களைத் தெரிஞ்சிருக்க வேணும்," என்பார் விமலநாதன் அண்ணை.

பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார்கள்.

சங்கத் தேர்தலில் விமலநாதன் அண்ணையின் பெயரை முன்மொழிவது யோசப் அண்ணைதான். எழும்பாமலே சொல்லிவிடுவார். எதிராக யாரும் நின்றதில்லை. வயதில் மூத்தவரின் முகத்துக்கு நேரே இன்னொருவரை நிறுத்த எங்கள் ஆட்களால் முடியாது. வீட்டுக்குப் போய் ஒருவருக்கொருவர் போன் எடுத்துத் திட்டுவார்கள்.

திட்டுவதற்குக் காரணமும் இருந்தது. சுந்தரேஸ்வரி அக்காவின் கணவர் விமலநாதன் அண்ணையோடு பிரச்சினைப்பட்டு, சங்கத்தின் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளில் பாதியைக் கூட்டிக்கொண்டு போய் வேறு தமிழ்ப்பள்ளி தொடங்கியவர். அந்த மனிதர் திடீரென்று இறந்துபோனார். முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு அக்கா சங்க மண்டபத்தைக் கேட்டார். திருத்தவேலை நடக்கிறது, ஏலாது என்று விமலநாதன் அண்ணை சொல்லிவிட்டார். அன்று மண்டபம் சும்மா பூட்டிக் கிடந்தது, பூட்டின் திறப்பு அவரிடம்தான் இருந்தது. கொட்டும் மழையில் ஒரு கராஜுக்குள் இலை போட்டோம். இடம் போதாமல் ஆட்கள் குடைக்குக் கீழே தட்டோடு நின்றார்கள். சோற்றுச் சட்டியோடு வாசலுக்கு வந்தபோது எதிர்ப்பக்கத்தில் விமலநாதன் அண்ணையின் கார் நின்றது. அவர் உள்ளே இருந்தார், இறங்கவில்லை. பந்தி முடியும்வரை காரின் வைப்பர் ஆடிக்கொண்டே இருந்தது.

அதைப் பற்றி அவர் பிறகு ஒருநாளும் பேசவில்லை. அடுத்த தேர்தலிலும் அவரே தலைவர்.

இந்த மாசியில் யோசப் அண்ணை மகளோடு இருக்க லண்டனுக்குப் போய்விட்டார். பங்குனியில் பொதுக்கூட்டம் வந்தது. தொடங்குமுன் விமலநாதன் அண்ணை குசினிக்கு வந்தார். தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்று, மனைவியும் காலமான பிறகு நன்றாக மெலிந்துவிட்டார்.

"இன்னும் ஒருமுறை தலைவரா இருந்தால் காணும், சாந்தா," என்றார். "இதுவும் இல்லையெண்டால் காலமை எழும்பி நான் எங்க போறது?"

ஊற்றிக் கொடுத்த தேநீரைக் குடிக்காமலே வைத்துவிட்டுப் போனார்.

தேர்தலை நடத்தியவர் இங்கேயே பிறந்து வளர்ந்து வங்கியில் வேலை செய்கிற சாருஜன். "தலைவர் பதவிக்கு ஆரை முன்மொழியிறீங்கள்?" என்று கேட்டார். விமலநாதன் அண்ணை கண்ணாடியைக் கழற்றினார்.

 வேறு பெயர் சொல்ல எல்லாருக்கும் கூச்சம். அவர் பெயரை இன்னொருவர் சொல்வார் என்று ஒவ்வொருவரும் காத்திருந்தார்கள். யோசப் அண்ணையின் இடத்துக்கு ஒருவரை முன்கூட்டியே கேட்டு வைக்க விமலநாதன் அண்ணைக்கு மனம் வரவில்லை போலும். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தேத்தண்ணி ஆறுது," என்றது பின்வரிசையில் ஒரு குரல். யாரும் சிரிக்கவில்லை.

அப்போது சுந்தரேஸ்வரி அக்கா எழும்பினார். "விமலநாதன் அண்ணையை நான் முன்மொழியிறன். விருப்பத்தில சொல்லேல்லை. மண்டபத் திறப்பை வேற ஆர் வைச்சிருக்கப் போறியள்? எனக்கும் கோவப்பட்டுக் களைச்சுப் போச்சு."

விமலநாதன் அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழும்பித் திரும்பி அக்காவைப் பார்த்தார்.

"அண்டைக்கு மண்டபத்தில திருத்தவேலை ஒண்டும் நடக்கேல்லை, தங்கச்சி."

"தெரியும். உங்கட கார் நிண்டதும் தெரியும். இருங்கோ அண்ணை."

அவர் கதிரையில் இருக்கவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வழிமொழிய ஆரும்?" என்று சாருஜன் தயங்கிக் கேட்டார்.

"வேண்டாம் தம்பி. என்ர பேரை எழுதாதேங்கோ," என்று சொல்லிவிட்டுக் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். யாரும் மறிக்கவில்லை. நான் தேநீரைத் திரும்பச் சூடாக்கினேன்.

இன்றுவரை சங்கத்துக்குத் தலைவர் இல்லை. கோடை விடுமுறை முடிய இன்னொரு கூட்டம் வைப்போம் என்கிறார்கள். திறப்பை வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை. சனிக்கிழமைகளில் தமிழ்ப்பள்ளிக்காக மண்டபத்தைத் திறந்துவிடுவது விமலநாதன் அண்ணைதான். சுந்தரேஸ்வரி அக்கா அவரோடு பேசுவதில்லை.