எங்கள் வீட்டு ரிவால்வர் யாரிடம் இருப்பது

பிள்ளைகளா, அம்மா துப்பாக்கி லைசென்சுக்கு எழுதிப்போட்டது நிஜமா என்று போன வாரம் ஆளுக்கொரு தடவை போனில் கேட்டீர்கள். நிஜம்தான். எப்படி இங்கே வந்து நிற்கிறோம் என்று எனக்கே பிடிபடவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் லைசென்ஸ் வாங்கியபோது நீங்கள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தீர்கள். ஏலக்காய் விற்ற பணத்தை அப்போதெல்லாம் பையில்தான் கொண்டுவருவோம். போடிமெட்டு ரோட்டில் யாரையோ மறித்துப் பறித்துவிட்டார்கள் என்று பேச்சு வந்ததும் எனக்குத் தூக்கம் போயிற்று. மலையில் துப்பாக்கி புதிதல்ல. பெரிய தோட்டக்காரர்கள் பன்றி விரட்ட இரட்டைக்குழல் வைத்திருந்தார்கள். அது தோளில் எல்லோருக்கும் தெரியத் தொங்கும். யாரும் தப்பாக நினைத்ததில்லை. இடுப்பில் மறைத்து வைக்கிற சின்னத் துப்பாக்கியைத்தான் ரவுடி சாமான் என்றார்கள். பன்றிக்கு உதவாது, மனிதனைத் தவிர வேறு எதற்கு அது என்றார்கள். அது இருக்கிற பீரோவில் தன் சேலை இருக்கக் கூடாது என்று உங்கள் அம்மா எல்லாவற்றையும் எடுத்து டிரங்குப் பெட்டிக்கு மாற்றினாள். உங்கள் மாமா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "மாப்ளே, இதப் பாத்தா பன்னி பயப்படாது, பீடி பத்தவைக்கவான்னு கேக்கும்" என்றார்.

நாலைந்து வருடம்தான். அப்புறம் சிரித்தவர்களே லைசென்சுக்குத் தேனிக்குப் போய் யாரைப் பார்க்க வேண்டும் என்று என்னிடம் விசாரித்தார்கள். கல்யாண வீடுகளில் சட்டையைக் கொஞ்சம் தூக்கிவிட்டு உட்காருகிற பழக்கம் வந்தது. நானும் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். பிறகு ஏலக்காய்க்குப் பணம் நேராக பேங்கில் விழ ஆரம்பித்தது. காக்க வேண்டிய பை போய்விட்டது, இடுப்பில் இருந்தது மட்டும் போகவில்லை.

போன வருடம் காய் எடுப்பு நேரம். குரங்கணிக்கு மேலே நம் தோட்டத்தில் அதற்கு முன்னால் இரண்டு தடவை யாரோ காயைக் கொத்தோடு அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். ஒருநாள் மத்தியானம் நான் தனியாகத் தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடைப் பக்கமிருந்து ஒருவன் சாக்கோடு வந்தான். யாரென்று சத்தம் போட்டேன். பதில் சொல்லாமல் சாக்குக்குள் கையை விட்டான். நான் ரிவால்வரை எடுத்து நீட்டிவிட்டேன்.

அவன் வெளியே எடுத்தது ஒரு துண்டுக் காகிதம். அதைத் தரையில் வைத்துவிட்டு, சாக்கையும் போட்டுவிட்டு, பின்பக்கமாகவே நடந்து போய்த் திரும்பி ஓடினான். காகிதத்தில், மலைக்கு ஆள் ஏற்றிவருகிற ஜீப்புக்காரர் கையெழுத்தில் நம் தோட்டத்துக்கு வழியும் உங்கள் அம்மாவின் போன் நம்பரும் இருந்தன. அவள் வேலைக்கு வரச்சொன்ன வடநாட்டு ஆள். தமிழ் தெரியாது. சாக்கில் ஒரு போர்வை, இரண்டு சட்டை, கொஞ்சம் அரிசி. அதைத் தூக்கிக்கொண்டு குரங்கணி வரை இறங்கித் தேடினேன். கிடைக்கவில்லை. சாக்கை ஜீப்புக்காரரிடம் கொடுத்துவைத்தேன். ஆள் ஏன் வரவில்லை என்று அம்மா கேட்டபோது, வேறு தோட்டத்துக்குப் போயிருப்பான் என்றேன்.

பிறகு தேர்தல் அறிவித்தார்கள். அந்தச் சமயத்தில் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். இந்தத் தடவை முதல் ஆளாகப் போனேன். தேர்தல் முடிந்து எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள், நான் போகவில்லை. ஸ்டேஷன் ரைட்டர் மூன்று தரம் கூப்பிட்டார். மூன்றாவது தரம் போனை எடுத்தது உங்கள் அம்மா.

என் முழங்கால் இப்போது மேடு ஏறுவதில்லை. தோட்டத்துக்கு அவள்தான் போகிறாள். பாதி நாள் காய் உலர்த்துகிற ஸ்டோரில் அவள் ஒருத்திதான். "போய்க் கொண்டாங்க, நான் எடுத்துட்டுப் போறேன்" என்றாள். சேலையை மாற்றி வைத்தவளா இப்படிப் பேசுகிறாள் என்று எனக்குத் திகைப்பு. லைசென்ஸ் என் பேரில் இருக்கிறது, நீ தொடக்கூடாது என்றேன். மறுநாளே தேனிக்குப் போய்த் தன் பேருக்கு எழுதிப்போட்டுவிட்டு வந்தாள்.

அப்போதுதான் அந்த ஆளைப் பற்றிச் சொன்னேன். கேட்டால் மனசு மாறிவிடுவாள் என்று நினைத்தேன்.  "அவன் மூஞ்சி ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

"நீங்க பயந்த ஆளு. அதான் உங்க கையில இருக்கக் கூடாது."

"நீ பயப்பட மாட்டியா?"

"ஒரு நாள் சேலையக் கட்டிக்கிட்டு மேல தனியா நின்னு பாருங்க. அப்புறம் வந்து கேளுங்க."

 அவள் சொன்னது சரியென்றே பட்டது. அந்த மத்தியானம் அவள் அங்கே நின்றிருந்தால் என்ன செய்திருப்பாள் என்று யோசித்தால், அவள் கையில் துப்பாக்கி இருப்பதும் சரியென்று படவில்லை.

நேற்றுக் காலை விசாரணைக்குப் போலீஸ்காரர் வந்தார். வீட்டுக்காரருக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். என்னுடையதைத் திரும்ப வாங்கப்போவதில்லை, எழுதித் தருகிறேன் என்றேன். "அதக் கேக்கலண்ணே. அக்கா வாங்குறதுல உங்களுக்கு ஆட்சேபணை இருக்கா, இல்லையா?" என்றார். அந்த ஆளின் கதையைச் சொன்னால் என்மேல் கேஸ் வரும், இந்த வீட்டுக்கு இனி லைசென்சும் கிடைக்காது. சொல்லாவிட்டால் அவளுக்குக் கிடைத்துவிடும். அவள் கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உண்டு, இல்லை, இரண்டுமே என் வாய்வரை வந்தன.

போலீஸ்காரர் எழுதிக்கொள்ளப் பேனாவைத் திறந்தார். நாளைக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அந்த நாளை இன்றுதான். அவர் இன்னும் வரவில்லை.