பூத்தும் காய்க்காத வருஷம்

மதினியின் முகம் அன்றைக்கு இருந்த கோலம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கண் இரண்டும் வீங்கி மூடிவிட்டன. உதடு பணியாரம் போல உப்பிப் பேச்சே வரவில்லை. அவர் என் அண்ணன் மனைவி. ஏலத்தோட்டத்தில் களையெடுத்துக்கொண்டிருந்தபோது மலைத்தேனீ மொய்த்துக் கொட்டியதில் வந்த வினை அது.

ஜெர்மன்காரன் சண்டை நடந்த காலம். அரிசிக்கு ரேஷன் வைத்திருந்தார்கள். கம்பத்திலிருந்து நாங்கள் இருபது பேர் திங்கட்கிழமை விடியலில் குமுளிப் பாதையில் மலையேறுவோம். சனிக்கிழமை இறங்குவோம். மேலே போய்விட்டால் திருவிதாங்கூர் சீமை. பேச்சு மாறும், குளிர் மாறும், கஞ்சி ருசிகூட மாறும். எனக்கு அப்போது கல்யாணமாகி ஒரு பிள்ளை இருந்தது. எங்களைக் கூட்டிப்போய் வேலை வாங்கும் கங்காணி என் தாய்மாமாதான். குரல்தான் அதட்டும். மழையில் யாராவது இருமினால் சுக்குத் தட்டிக் கொண்டுவந்து நிற்பார்.

மதினியைப் பார்த்ததும் மாமாவுக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பங்குனியில் சருகைப் பந்தமாகக் கட்டி, நிழல் மரங்களில் தொங்கிய கூடு ஒன்று விடாமல் கொளுத்தினார். மரப்பொந்தில் தன் பாட்டுக்கு இருந்த சின்ன அடுக்குத்தேனீயையும் விடவில்லை. நானும் ஒரு பந்தம் பிடித்தேன், மறைப்பானேன். தேனும் தின்றோம். தேனுக்காக வந்துபோகும் கரடிகூட அதன்பின் அந்தப் பக்கம் வரவில்லை. கங்காணி காட்டையே சுத்தம் பண்ணிவிட்டார் என்று ஆளாளுக்குப் புகழ்ந்தோம்.

வைகாசியில் ஏலம் பூத்தது. ஏலச்செடி தலையில் பூக்காது. தூரிலிருந்து கொடி மாதிரி ஒரு காம்பு தரையோடு படர்ந்து, அடியிலிருந்து நுனிவரை நாளுக்கு ஒன்றிரண்டாகப் பூத்துக்கொண்டே போகும். அதைச் சரம் என்போம். பூ வெள்ளை, நடுவில் ஊதாக் கோடு. அந்த வருஷம் பூவுக்குக் குறைவில்லை. ஆனால் பூத்த பூவெல்லாம் வாடி உதிர்ந்தது. ஆனி கடைசியில் பார்த்தால் சரத்தில் பூத்தவரைக்கும் வெறும் காம்புதான், நுனிப்பக்கம்தான் மொட்டு மிச்சம். மாமா மூடுபனியைக் குறை சொன்னார், எரு போட்டார், கருப்பனுக்குக் கிடாய் நேர்ந்தார். முதலாளி வந்து பார்த்துவிட்டு, ஆவணி கடைசியில் திரும்ப வரும்போதும் இப்படியே கிடந்தால் வேறு கங்காணியை வைப்பேன் என்று சொல்லிப் போய்விட்டார். மாமா போனால் நாங்கள் இருபது பேரும் போக வேண்டியதுதான்.

மதினிதான் ஒருநாள் பூவுக்குள் சுண்டுவிரலை விட்டு எடுத்துக் காட்டினார்.

"மாமா, பொடி அப்பிடியே இருக்கு பாருங்க. ஒரு ஈ வந்து உக்காரல. எங்கூர்ல பூசணி காய்க்கலைன்னா ஆம்பளப் பூவைப் பறிச்சுப் பொம்பளப் பூவுல ஒத்துவோம். இங்கன ஒத்துறதுக்கு ஆரு இருக்கா? அம்புட்டையும் கொளுத்திப்புட்டீகளே!"

"உன்னையக் கொட்டுச்சேன்னுதான ஆத்தா கொளுத்துனேன்!"

"கொட்டுனது பெரிய ஈ. பொந்துக்குள்ள கிடந்த சின்ன ஈ உங்களை என்ன செஞ்சுச்சு?"

என் பேத்தி இப்போது பாடப்புத்தகத்தில் இதைத்தான் மகரந்தச் சேர்க்கை என்று சத்தம் போட்டுப் படிக்கிறாள். பூ, தேனீ, காய் என்று அம்புக்குறி போட்ட படமும் இருக்கிறது. பள்ளிக்கூடம் எட்டிப் பார்க்காத எனக்கு அந்தப் படம் சட்டென்று விளங்கிவிட்டது. அதில் பந்தம் பிடித்த ஆளை மட்டும் போடவில்லை.

மதினி பிறந்தது தேவாரம் பக்கம். அவர் அப்பா வீட்டுக் கொல்லையில் அடுக்குத்தேனீயைப் பானையில் வைத்து வளர்த்தார்கள். ஆடி பிறந்ததும் அதில் நாலு பானையின் வாயைத் துணியால் கட்டித் தூக்கிக்கொண்டு மலையேறினோம். ஒன்றை மாமாவே பிடிவாதமாகத் தலையில் வைத்துக்கொண்டார். பானைக்குள் ரீங்காரம் கூடக் கூட அவர் நடை வேகமானது.

"கங்காணி கும்பம் சொமந்து வாறாக, குலவ போடுங்கடி!" என்றார் மதினி. மலைப்பாதை முழுக்கக் குலவைச் சத்தம்.

"சிரிங்கடி சிரிங்க. ஏலே, துணி அவுந்துருச்சான்னு பாருடா!" என்றார் மாமா, தலையைத் திருப்பாமலே.

தோட்டத்தின் நாலு மூலையிலும் மரத்தில் பானையைக் கட்டினோம். ஆவணி கடைசியில் சொன்னபடி முதலாளி வந்தார். ஒரு சரத்தைக் குனிந்து தூக்கினார். அடிப்பாதி மொட்டை. அதற்கு மேலே நுனிவரை பச்சைப் பிஞ்சு.

"என்னய்யா இது, பாதி மொட்டையாக் கெடக்கு?"

மழைன்னு சொல்லுங்க மாமா என்று நான் பின்னாலிருந்து முணுமுணுத்தேன். மாமா தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தார்.

"மொட்டையாக் கெடக்குறது நான் செஞ்சது மொதலாளி. தேனீயப் பூராக் கொளுத்திப்புட்டேன். காய்ச்சிருக்கது இந்தப் பிள்ளை செஞ்சது. பானையில தேனீ கொண்டாந்து கட்டுச்சு."

முதலாளி சரத்தைக் கையில் வைத்தபடியே நின்றார். விரலால் அடியிலிருந்து நுனிவரை ஒருமுறை தடவிப் பார்த்தார். அதை அலுங்காமல் தரையில் வைத்துவிட்டு மதினியைப் பார்த்துக் கேட்டார்.

"இன்னும் எத்தனை பானை இருக்கு, ஆத்தா?"

"எங்க அய்யா வீட்டுல ஆறு இருக்கு."

"ஆறையும் கொண்டாரச் சொல்லு, கங்காணி" என்று சொல்லிவிட்டு அடுத்த செடிக்குப் போய்விட்டார்.

கங்காணி. அந்தப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டார். மாமா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. அங்கேயே குந்தி உட்கார்ந்து செடித் தூரில் களை பிடுங்க ஆரம்பித்தார். வெகுநேரம் பிடுங்கினார். அத்தனை வருஷத்தில் கங்காணி களையெடுத்து அன்றைக்குத்தான் பார்த்தோம்.