பின்னால் ஓடச் சொன்னது யார்?

ஷமீமா அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், முதலில் என்னை நாலு திட்டு திட்டிவிட்டுத்தான் தொடங்க முடியும். இத்தனை வருஷம் கழித்தும் அந்த மூன்று நாட்களை என்னால் மறக்க முடியவில்லை.

2007ஆம் வருஷம். கும்மிடிப்பூண்டி ஜி.என்.டி. சாலையில் ஒரு பேட்டரிக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். பதினான்கு கம்ப்யூட்டர், ஒரே ஒரு ஏசி, அதுவும் மேனேஜர் விக்டோரியா மேடத்தின் அறையில். கீழே சிப்காட்டுக்குப் போகிற லாரிகள் ஓயாமல் ஹாரன் அடிக்கும். மேலே நாங்கள் அமெரிக்காக்காரர்களுக்கு வீடியோ கேம் ஆடச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்போம். சிரிக்காதீர்கள், வேலையே அதுதான். அங்கே ஒருவன் ஆட்டத்தில் மாட்டிக்கொண்டு முழித்தால், "இந்த இடத்தில் என்ன செய்வது?" என்று மெயில் போடுவான். நமக்கு விடிந்ததும் பதில் போடுவோம். எனக்குக் கார் ரேஸ். ஷமீமா அக்காவுக்கு அமெரிக்கன் ஃபுட்பால். அதுவும் அவர் பெயரில் இல்லை. பதிலின் அடியில் 'சாம்' என்றுதான் போக வேண்டும்.

அக்காவுக்கு அப்போது முப்பத்தொரு வயது. பழவேற்காட்டில் இறால் வியாபாரம் செய்கிற குடும்பம். கணவர் இறந்து நான்கு வருஷமாகியிருந்தது. ஏழு வயது மகள் சிஃபாவுடன் அண்ணன் வீட்டில் இருந்தார். தபாலில் பி.காம். படித்தவர். அவர் எழுதுகிற இங்கிலீஷைப் பார்த்து மேடமே வாயைப் பிளந்தார். தினமும் பஸ் பிடித்துப் பொன்னேரி வந்து, அங்கிருந்து ரயிலேறி வருவார். நானும் அவரும் ஒரே நாளில்தான் சேர்ந்தோம். இருவருக்கும் மூன்று மாதம் சோதனைக் காலம். அது முடிந்தால் வேலை நிரந்தரம் என்று கடிதம் தருவார்கள்.

எனக்கு அந்தக் கடிதம் வீட்டில் காட்டிப் பெருமையடிக்க. அக்காவுக்கு அப்படியில்லை. பொன்னேரி ஸ்டேஷனுக்குப் பின்னால் ஆதிகேசவன் என்பவர் வீட்டில் ஒரு போர்ஷன் காலியாக இருந்தது. பக்கத்திலேயே பள்ளிக்கூடம். "ஆம்பள இல்லாத குடும்பம்னு யோசனையா கீது. கம்பெனி லெட்டர் எடுத்தாந்து காட்டும்மா, குடுக்கிறேன். ஒண்ணாந்தேதி வரிக்கும் யாருக்கும் வுட மாட்டேன்" என்று அவர் சொல்லியிருந்தார். அக்கா ரயிலில் வரும்போதெல்லாம் அந்த இரண்டு அறையைப் பற்றித்தான் பேசுவார். எங்கே அடுப்பு, எங்கே சிஃபாவின் புத்தகம், எல்லாம் முடிவாகிவிட்டது. அண்ணன் வீட்டில் யாரும் அடிக்கவில்லை, வையவில்லை. ஆனாலும் தண்ணீர் குடிக்கக்கூட யார் முகத்தையாவது பார்த்துவிட்டுத்தான் எழ வேண்டியிருக்கிறது என்பார்.

ஆட்டம்தான் அவருக்குப் பிடிபடவேயில்லை.

"இன்னா ஜெகன் இது? பேரு ஃபுட்பாலு, ஒருத்தனும் காலால ஒதைக்கவே மாட்டறான். பந்த கையில வெச்சிக்கினு ஓடறான், அத்தினி பேரும் மேல வந்து வுழறானுங்க."

நான் கவரைப்பேட்டை பக்கத்துக் கிராமம். எங்கள் ஊர் கபடி டீமில் ரெய்டு போகிறவன். கேட்க வேண்டுமா? நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"அக்கா, இது கபடிதான்க்கா. அவனுங்க ஹெல்மெட் மாட்டிக்கினு ஆடறானுங்க, அவ்ளோதான்."

பாதி சரியாகத்தான் சொன்னேன். ஒரு டீமுக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் பத்து கஜம் முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு கிடைக்கும். முன்னேறாவிட்டால் பந்து எதிராளிக்கு. இதையெல்லாம் ரெய்டை வைத்தே விளக்கினேன். அக்காவும் தலையாட்டி எழுதிக்கொண்டார். அப்புறம் கேட்டார்:

"பந்து வெச்சிருக்கிறவன நாலு பக்கமும் சுத்திக்கினாங்கன்னா?"

"வந்த வழியே திரும்பி நம்ம கோட்டுக்கு ஓடியாந்துடணும்க்கா. நம்ம எடத்துக்கு வந்துட்டா எவனும் ஒண்ணியும் பண்ண முடியாது."

கபடியில் அது உயிர் காக்கிற விதி. அந்த ஆட்டத்தில் அது தற்கொலை! அங்கே பின்னால் ஓடினால் ஓடிய தூரம் நஷ்டம். ஓடி ஓடி மைதானத்தின் கடைசியில் இருக்கிற நம் எல்லைக்குள்ளேயே போய் மாட்டிக்கொண்டால் எதிராளிக்கு இரண்டு புள்ளி, பந்தும் அவனுக்கே. இது எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற வாய் அப்போது எனக்கு இல்லை.

எந்தப் பதிலையும் ஆபீஸ் கேம் மிஷினில் ஆடிப் பார்க்காமல் அனுப்பக் கூடாது என்பது மேடத்தின் கட்டளை. ஆபீஸுக்கு ஒரே ஒரு மிஷின், ஒரு பழைய டிவி. அது அக்காவின் நேரம். ஆனால் நான் அதில் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். அக்கா வந்து நின்றார். "கபடி ஆடறவன் சொல்றேன், இதுக்குப் போயி மிஷினு வேணுமாக்கா?" என்றேன். அவர் தன் சீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

நான் சொன்ன அந்தப் பதிலை அக்கா அழகான இங்கிலீஷில் எழுதி அனுப்பினார். மேடம் படித்துவிட்டு, நன்றாக இருக்கிறதே என்று பொதுப் பதில்களில் சேர்த்துவிட்டார். எங்கள் ஆபீஸ் வழக்கம் அது. அதே கேள்வியை யார் கேட்டாலும் அதே பதில் போகும். இரண்டு வாரத்தில் நாற்பத்து மூன்று பேருக்குப் போயிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, நாஷ்டா முடித்து வந்து உட்கார்ந்ததும் மேடம் எல்லோரையும் கூப்பிட்டார். ஓஹையோவில் ஒருவர், வருஷா வருஷம் மச்சானோடு பந்தயம் கட்டி ஆடுகிறவராம். சாம் சொன்னபடி பின்னால் ஓடி, கடைசி நிமிஷத்தில் தோற்றிருக்கிறார். மச்சான் தரையில் உருண்டு சிரித்தாராம். மனிதர் மூன்று பக்கம் திட்டி எழுதியிருந்தார். அவரைப் போல இன்னும் ஏழு பேர். வேலை கொடுத்த அமெரிக்கக் கம்பெனி கொதித்துப் போயிருந்தது.

"வெள்ளிக்கிழமை காலையில அவங்க ஆளு சாட்ல வருவாரு. அஞ்சு கேள்வி. ஒவ்வொண்ணுக்கும் நாலு நிமிஷம். சாம் சரியா சொல்லலன்னா சாம் வேணாம்னுட்டாங்க." மேடம் அக்காவைப் பார்த்தார். "ஷமீமா, இது எப்படிம்மா ஆச்சு?"

இப்போது சொல், இப்போது சொல் என்று மனசு இடிக்கிறது. நான் முன்னால் நின்றவனின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். எனக்கும் சோதனைக் காலம்தானே? அந்தப் பயம்தான், வேறு எந்த நியாயமும் என்னிடம் இல்லை.

"ஆடிப் பாக்காம அனுப்பிட்டேன் மேடம். தப்புதான்" என்றார் அக்கா. என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அந்த மூன்று நாளும் மிஷினில் என் நேரத்தையும் அக்காவுக்கே கொடுத்தேன். பெரிய தியாகம்! எதிர் டீமாக உட்கார்ந்து ஆடியும் கொடுத்தேன். அக்காவுக்கு விரல் பழகவில்லை. பட்டனை மாற்றி மாற்றி அழுத்துவார். செவ்வாய் முழுக்கத் தோற்றார். புதன் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவர் அப்படியே மூடி வைத்தார். "சிஃபாகிட்ட ஒண்ணாந்தேதி போறோம்னு சொல்லிட்டேன் ஜெகன். தெனம் ராத்திரி அவ பைய அடுக்கி வெக்கிறா" என்றார். நானும் என் டப்பாவை மூடிவிட்டேன்.

ஆனால் புதன் சாயங்காலம் அவருக்கு ஏதோ பிடிபட்டது. நான்காவது வாய்ப்பில் தூரம் அதிகமாக இருந்தால், பந்தைத் தொலைவாக உதைத்து எதிராளிக்கே கொடுத்துவிடுவது அந்த ஆட்டத்தின் வழக்கம். எனக்கு அது ஆகவே ஆகாது.

"பந்த நாமளே குடுக்கறதா? அது தோத்தா மாரி இல்லியாக்கா?"

"எங்க குடுக்கிறோம்னு ஒண்ணு இருக்குதுல்ல? நம்ம வாசல்ல குடுத்தா நஷ்டம். அவன் வாசல்ல குடுத்தா அவன்தான் இத்தினி தூரம் ஓடியாரணும்." அக்கா திரையைப் பார்த்தபடியே சொன்னார். "எங்கண்ணி டிவி ரிமோட்டு கேட்டா நானா குடுத்துடுவேன். சிஃபா படிக்கிற மூலைய மட்டும் குடுக்க மாட்டேன். எத்த குடுக்கிறது, எத்த வுடக் கூடாதுன்னு தெரிஞ்சாப் போதும்பா."

வியாழக்கிழமை ஆறு ஆட்டத்தில் நான்கில் என்னை ஜெயித்தார். கடிகாரத்தை ஓட்டுவது எப்படி, நிறுத்துவது எப்படி, எல்லாம் கேட்டுக் கேட்டு ஆடினார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

வெள்ளி காலை பத்து மணிக்கு மேடம் அக்காவின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நாங்கள் பின்னால் நின்றோம். முதல் கேள்வி வந்தது. நல்ல பதில். இரண்டாவதும் சரி. மூன்றாவது கேள்வியின் நடுவே கரண்ட் போய்விட்டது! யுபிஎஸ் கத்தத் தொடங்கியது. பத்து நிமிஷத்துக்குத்தான் தாங்கும். ஒருவன் ஜெனரேட்டரைப் போடக் கீழே ஓடினான். அக்கா நெற்றி வியர்வையை முக்காட்டின் நுனியால் துடைத்துக்கொண்டு டைப் அடித்தார். நான்காவது பதில் போகும்போதுதான் ஃபேன் மறுபடி சுற்றியது.

ஐந்தாவது கேள்வி: நம் டீம் ஆறு புள்ளி முன்னால் இருக்கிறது. ஆட்டம் முடிய ஒன்பது விநாடி. நான்காவது, கடைசி வாய்ப்பு. பந்து நம் எல்லையிலிருந்து இரண்டே கஜத்தில். என்ன செய்வாய், சாம்?

உதைக்க வேண்டியதுதான், இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். ஒரு நிமிஷம் போயிற்று. இரண்டு போயிற்று. மேடம் பேனாவைக் கடிக்கிறார். மூன்று நிமிஷம் தாண்டியதும் அக்கா டைப் அடிக்கத் தொடங்கினார். முதல் வரியைப் படித்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. பந்தோடு பின்னால் ஓடு என்று எழுதுகிறார்!

"அக்கா, வேணாம்க்கா!" என்று கத்தியே விட்டேன். மேடம் திரும்பி முறைத்தார். அக்கா நிறுத்தவில்லை. உன் எல்லைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓடு. விநாடிகள் தீரட்டும். பிடிக்க வரும்போது கோட்டைத் தாண்டி வெளியே போய்விடு. இரண்டு புள்ளி போகும், போகட்டும். அப்போதும் நீ நான்கு முன்னால். உதைத்தால் நெருங்கி வந்து தடுத்து, உன் எல்லைக்குள்ளேயே பந்தின் மேல் விழுந்து பிடித்துவிடுவான், அவனுக்கு ஏழு புள்ளி வரை கிடைக்கும், ஆட்டமே போய்விடும். எழுதி அனுப்பிவிட்டார்.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு வரி வந்தது: 'சரி. பெரும்பாலானவர்கள் உதைத்திருப்பார்கள்.'

அக்கா, "அல்ஹம்துலில்லாஹ்" என்று முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அன்று சாயங்காலமே இருவருக்கும் கடிதம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை, வேலை இடத்திலிருந்து ஒருத்தர் வந்து சொன்னால் வீட்டுக்காரருக்கு நம்பிக்கையாக இருக்கும் என்று அக்கா என்னைப் பொன்னேரிக்குக் கூப்பிட்டார். போனேன். ஆதிகேசவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அக்காவின் கடிதத்தை விரல் வைத்துப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

"கவனக்குறைவு காரணமாக ஆறு மாசம் கண்காணிப்புன்னு போட்டுக்கீதே? அப்போ ஆறு மாசத்துல வேலைய வுட்டுத் தூக்கினாலும் தூக்கிடுவானா?"

அக்காவின் முகம் செத்துப்போயிற்று. அந்த வரி இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. என் கடிதத்தில் அது இல்லை.

"சார், அது அக்கா தப்பு இல்ல. நான்தான் தப்பா சொல்லிக் குடுத்தேன். மிஷினக்கூட நான்தான் குடுக்கல" என்று கொட்டிவிட்டேன்.

ஆதிகேசவன் கண்ணாடியைக் கழற்றி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்பா, தப்பு உன்னுதுன்ற. அப்போ இந்த வரி உன் லெட்டர்லல்ல இருக்கணும்?"

அவர் கடிதத்தை மடித்து அக்காவிடம் நீட்டினார். "சரியான லெட்டரா எடுத்தாந்து காட்டும்மா. ஒண்ணாந்தேதிக்கு இன்னும் நாலு நாளு கீது."

பழவேற்காடு பஸ் ஏறும்போது அக்கா சொன்னார்: "அவருகிட்ட சொல்லி இன்னா பிரயோசனம் ஜெகன்?"

திங்கட்கிழமை மேடம் வருவதற்கு முன்பே அவர் அறை வாசலில் நின்றேன். எந்தப் பெரிய டீமுக்கு எதிராக ரெய்டு போனபோதும் அப்படிப் பயந்ததில்லை. உள்ளே போய், உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் அக்காவையும் கூப்பிட்டு, இரண்டு கடிதத்தையும் வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக அடித்தார். ஆறு மாசக் கண்காணிப்பு என் கடிதத்துக்கு வந்தது. அக்காவின் கடிதம் சுத்தமாக இருந்தது.

அக்கா அதை இரண்டு முறை படித்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"அஞ்சாறு நாளா வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த?" என்றார். "எனக்குக் கோவம் இல்லன்னு நெனச்சிக்காத. இருக்குது. அது போறப்ப நானே சொல்றேன்."

கடிதத்தைக் கைப்பைக்குள் வைத்து, ஒருமுறை திறந்து பார்த்து, மறுபடி மூடினார். அன்றைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, பொன்னேரி போகிற ரயிலுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்.