உலையில் மறந்த வில்லை

உலோகப் பொடியை அரைப்பது, வில்லையாக அழுத்துவது, உலையில் சுடுவது, கடைசியில் எவ்வளவு கெட்டி என்று குத்திப் பார்ப்பது: விருதுநகர் பக்கத்துப் பொறியியல் கல்லூரி லேப்பில் இதுதான் என் பிழைப்பு. என்னைப்போல் உலைக்கு முன்னால் மாட்டிக்கொண்டவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை.

மூடியில் கை வைத்தேன்

ஆராய்ச்சி மாணவி செல்வியுடையது இரும்பும் அலுமினியமும் சேர்ந்த கலவை. எஃகுக் குண்டுகள் போட்ட டப்பாவில் இருபது மணி நேரம் உருட்டி அரைத்தோம். அரைக்க அரைக்கப் பொடியின் ஒவ்வொரு துகளும் கெட்டிப்படும். மெஷின் நின்றதும் மூடியைத் திருகப் போனேன். செல்வி ஓடிவந்து தடுத்தாள். அவள் அம்மா சிவகாசிப் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலப்பவர்; அந்த எச்சரிக்கை மகளுக்கும் வந்திருந்தது.

"அலுமினியப் பொடி சார். சூட்டோட காத்துப் பட்டா பத்திக்கிரும். ஆறட்டும்."

எறும்புக்கடி

வில்லையை வைர முனையால் அழுத்துவோம். பள்ளம் சிறிதாக இருந்தால் வில்லை கெட்டி. காகிதம் வெட்டும் கத்தியைச் சோதிக்கக் கொண்டுவந்த அச்சக முதலாளி ஒருவர் லென்ஸில் பள்ளத்தைப் பார்த்தார். பிறகு மெஷினை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்த எறும்புக்கடிக்கா இம்புட்டுப் பெரிய மிசினு வச்சிருக்கீக?"

கேன்டீன்

அளவாகச் சுட்டால் இரண்டு உலோகமும் ஒழுங்காகக் கோத்துக்கொண்டு இன்னும் கெட்டிப்படும். கூடுதலாகச் சுட்டால் உள்ளே இருக்கும் நுண்மணிகள் பெருத்து, அரைத்துச் சேர்த்த கெட்டியெல்லாம் போய்விடும். எங்கள் பழைய உலைக்குத் தானாக அணையத் தெரியாது. செல்வியின் வில்லையை ஒரு மணிக்கு எடுக்க வேண்டியவன், அந்த முதலாளியோடு கேன்டீனில் பேசிக்கொண்டிருந்துவிட்டு மூன்று மணிக்கு வந்தேன். கெட்டி பாதியாகியிருந்தது.

மிச்சம் ஒரே ஒரு வில்லை. அதுவும் போனால் புதுப் பொடி வர மாதக்கணக்கில் ஆகும், அவள் படிப்பு அப்படியே நிற்கும். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. அவள் திட்டவில்லை.

"நாளைக்கு உங்களுக்கும் சேத்து நானே சோறு கொண்டாரேன் சார். நீங்க எங்கனயும் போக வேண்டாம்."

அம்மா வந்தார்

மறுநாள் தூக்குச்சட்டியோடு அவள் அம்மாவும் வந்தார். வாசலில் நின்று சுவரைத் தடவித் தேடினார். பட்டாசுக் கம்பெனியில் உடம்பிலுள்ள மின்சாரம் இறங்க, உள்ளே போகுமுன் தகட்டைத் தொட்டே ஆகவேண்டும். இங்கே தகடு இல்லை என்றதும் தண்ணீர்க் குழாயைத் தொட்டுவிட்டு வந்தார்.

வில்லையைச் சரியான நேரத்துக்கு எடுத்து, ஆறவைத்து, குத்தினோம். பள்ளம் கண்ணுக்கே சிக்கவில்லை. செல்வி லென்ஸில் மூன்று முறை அளந்துவிட்டுச் சந்தோஷத்தில் அழுதாள். முந்தின நாள் செய்த தப்பை அவள் அம்மாவிடம் நானே சொன்னேன். அவர் நிதானமாகச் சோற்றைப் பிசைந்து வைத்தார்.

"எங்க கம்பெனியில மறந்தா மறுநா அங்கன சுவரே இருக்காது சார். ஒங்களுக்கு இன்னொரு வில்லை இருந்துச்சுல்ல, சாப்பிடுங்க."

இத்தனை வருடச் சர்வீசில் நான் ஒப்புக்கொள்வது, உலை ஒருநாளும் தன் வேலையை மறந்ததில்லை என்பதைத்தான்.