யாரோடு பார்த்தீர்கள்?

ஹப்சிகுடாவில் ஒரு அம்மாள் தன் வீட்டு முன்னறையையே நூலகமாக்கியிருந்தார். இரண்டு பீரோ நிறைய டிவிடிகள், எல்லாமே பெண்களின் வாழ்க்கையைச் சொல்லும் படங்கள். குட்டையாக வெட்டிய நரைமுடியும் ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரமுமாக உட்கார்ந்திருப்பார். சந்தா, அபராதம் எதுவும் கிடையாது. படத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது மட்டும், "யாரோட பார்த்தீங்க?" என்று கேட்டு நம் அட்டையில் எழுதிக்கொள்வார்.

ஒரு நர்ஸின் கதையைத் திருப்பிக் கொடுத்தபோது, "தனியாத்தான், லேப்டாப்ல" என்றேன்.

"நக்கோம்மா, அப்படி வேண்டாம். வீட்ல யாரையாவது பக்கத்துல உட்கார வெச்சுப் பார்த்துட்டு வாங்க" என்று டிவிடியை என் பைக்குள்ளேயே போட்டுவிட்டார்.

எனக்கு எரிச்சல். ஐடி கம்பெனியிலிருந்து நான் நேரம் கழித்து வந்தால் முணுமுணுக்கும் மாமியாரைத்தான் ஞாயிறன்று பிடித்து உட்கார வைத்தேன். படம் முடிந்ததும், "எனக்கும் ஆஸ்பத்திரி வேலைக்கு ஆர்டர் வந்துச்சு. உன் மாமனார் கிழிச்சுப் போட்டுட்டார்" என்றார். பத்து வருடத்தில் அன்றுதான் அதை எனக்குச் சொன்னார்.

அடுத்த வாரம் மாமியார் என்னோடு வந்து, தன் பெயரிலேயே ஒரு அட்டை போட்டுப் படம் எடுத்தார். திருப்பிக் கொடுத்தபோது அந்த அம்மாள் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"என் பையனோட. பாதியில எழுந்தான். உட்கார்டான்னேன், உட்கார்ந்தான்."

அந்த அம்மாள் அதை அப்படியே எழுதி, அட்டையை மேசை டிராயரில் வைத்துப் பூட்டினார். படங்கள் இருந்த பீரோக்களை அவர் பூட்டி நான் பார்த்ததே இல்லை.