பார்மட் பண்ணிடலாமா?

அதிராம்பட்டினத்தில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால், ஒரு மாடியில், 'பெண்களுக்கு மட்டும்' என்று போர்டு மாட்டி கம்ப்யூட்டர் சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், கழுத்து திரும்பாத ஒரு ஃபேன். கம்ப்யூட்டரைப் பற்றி எனக்குத் தெரிந்தது டைப் அடிக்கச் சொல்லித் தருவது, பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் எழுதுவது, ஏதாவது மக்கர் பண்ணினால் அணைத்துவிட்டு மறுபடி போடுவது. இதற்கே ஊர் என்னை டீச்சர் என்றது. அந்தப் பட்டம் கிடைத்த நாளிலிருந்து 'தெரியாது' என்ற சொல்லை நான் மறந்துவிட்டேன்.

அப்போது செல்போனில் படம் பிடிக்க முடியும், ஆனால் பிடித்ததைக் கடல் தாண்டி அனுப்புவது பெரும்பாடு. அதனால் சவூதியிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒவ்வொருவர் பெட்டியிலும் சோப்புக்கும் பேரீச்சம்பழத்துக்கும் நடுவில் ஒரு பென்டிரைவ் இருந்தது. திரும்பிப் போகும்போது கல்யாணம், மருதாணி, பிள்ளை தவழ்ந்தது எல்லாம் அதில் ஏறிப் போகும். பெண்கள் இருக்கும் படங்களை ஆண்கள் நடத்தும் கடையில் கொடுக்க எந்த வீட்டுக்கும் மனசு வராது. எனவே எல்லாம் என்னிடம்தான் வந்தன. எல்லாவற்றோடும் வைரஸும் வந்தது.

பென்டிரைவைச் செருகினால் போல்டர்கள் மாயமாகி, அந்த இடத்தில் மூலையில் குட்டி அம்புக்குறி போட்ட போலிகள் நிற்கும். அதைத் தொட்டால் கம்ப்யூட்டருக்கும் தொற்றிக்கொள்ளும். அடுத்து யார் பென்டிரைவைச் செருகினாலும் அதற்கும் போய்விடும். நான் ஆபரேஷனுக்குக் கையெழுத்து கேட்கும் டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "வைரஸ் புகுந்திருக்கு. பார்மட் பண்ணிடலாமா?" என்பேன். பாவம், தலையாட்டுவார்கள். எத்தனை மருதாணிக் கைப் படங்களைத் துடைத்து அழித்தேன் என்று எனக்கே தெரியாது.

ஒருநாள் பத்திரிகையில் 'கணினிப் புழு' என்று தலைப்புப் போட்டு எழுதியிருந்தார்கள். பட்டுக்கோட்டைப் பக்கம் குத்தகைக்கு சம்பா போட்டிருந்த என் அப்பா அதைப் பார்த்துவிட்டு, "இது குருத்தைத் தின்னுற புழுவா, இலையைச் சுருட்டிக்கிட்டு உள்ள ஒளியுற புழுவா?" என்று விசாரித்தார். நான் சிரித்தேன். கட்டுரையை முழுசாகப் படித்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. இந்தப் புழு எதையும் தின்பதில்லையாம். போல்டரை மறைத்து மட்டும் வைக்குமாம். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி அடித்தால் எல்லாம் திரும்ப வந்துவிடுமாம். அத்தனை படமும் உள்ளே உயிரோடு இருந்தபோதுதான் நான் அழித்திருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அதற்கு அடுத்த வாரம் ஒரு பெண் வந்தாள். என்னிடம் டைப் அடிக்கப் படித்தவள். கல்யாணமாகி இரண்டு வருஷம். புருஷன் சவூதியிலிருந்து நாற்பத்தைந்து நாள் லீவில் வந்திருந்தான். படியேறி வந்த மூச்சு அடங்குமுன் பென்டிரைவை நீட்டினாள்.

"அக்கா, இன்னைக்கு சாயங்காலம் அஸர் தொழுதுட்டு அவங்க கெளம்புறாங்க. இதுல நான் ஒண்ணு பேசி வச்சிருந்தேன். காணும்க்கா."

"செல்லுல இருக்குமே?"

"அழிச்சிட்டேன். வீட்டுல என் தங்கச்சிங்க எந்நேரமும் என் செல்லைத்தான் நோண்டுறாங்க."

"அப்படி என்னத்தைப் பேசினே?"

கதவைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "போனது போதும், ஊருக்கே வந்துடுங்கன்னு."

அது லேசான பேச்சில்லை. அந்த ஊரில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம் செய்வார்கள். கூடப் பிறந்தவன் அரபு நாட்டில் வெயிலில் காய்வது அந்த வீட்டுக்காகத்தான். அவள் புருஷன் மூத்த தங்கைக்குக் கட்டி முடித்துவிட்டான். இளையவளுக்கு அஸ்திவாரக் கடைக்கால்தான் எழும்பியிருந்தது. வந்துவிடு என்றால் நாத்தனாரின் வீட்டை நிறுத்து என்று அர்த்தம்.

"நேர்லயே சொல்லிட வேண்டியதுதானே?" என்றேன்.

"வாயைத் தொறந்தாலே அழுகை வந்துடுதுக்கா. அழுதா அவங்க பேச்சை மாத்திடுறாங்க. மொட்டைமாடியில நாலு தடவை அழுதுட்டு அஞ்சாவது தடவை ஒழுங்கா பேசினது இது. இன்னைக்கு வழியனுப்ப வந்த கூட்டம் மாடி வரைக்கும் நிக்குது."

பழக்கதோஷத்தில் 'பார்மட்' என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, பத்திரிகையைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு அந்த வரியை ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். அவள் போல்டர் முளைத்து வந்தது. அம்புக்குறிகளை எல்லாம் அழித்தேன். இருவரும் கத்தியதில் கீழே டீக்கடைக்காரர் அண்ணாந்து பார்த்தார்.

"சத்தம் வருதான்னு பாத்துரலாம்க்கா" என்றாள். சத்தம் வருவது மூன்றாவது கம்ப்யூட்டரில் மட்டும்தான். அதில் செருகி, ஹெட்போனை அவளிடம் கொடுத்துவிட்டு நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். கேட்டு முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு ஓடினாள். அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்று வாரம் கழித்து வந்தாள்.

"அது ஓடலைக்கா. அங்க போட்டுப் பாத்தா வெறும் அம்புக்குறியாம். ரூம்ல ஒருத்தரு வைரஸ்னு சொல்லி பார்மட் பண்ணிக் குடுத்துட்டாராம்."

ஊரிலேயே வைரஸ் மிகுந்த கம்ப்யூட்டர் அந்த மூன்றாவதுதான். வந்த பென்டிரைவ் எல்லாவற்றையும் சத்தம் பார்க்கிறேன் என்று அதில்தான் செருகுவேன். கழுவின பிள்ளையை நானே சேற்றில் இறக்கியிருக்கிறேன். இந்தத் தடவை சொல்லிவிட்டேன், முன்னால் அழித்தது உட்பட எல்லாவற்றையும். அவள் என் கதையைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"அவங்க போன் பண்ணி, 'அதுல என்ன பேசியிருந்தே?'ன்னு கேட்டாங்கக்கா. அப்பன்னு பாத்து மாமியும் சின்ன நாத்தனாரும் வந்து உக்காந்திருக்காங்க."

"ஐயையோ. அப்புறம் பேசுறேன்னு வச்சிட்டியா?"

"இல்லக்கா. சொல்லிட்டேன். அவங்க ரெண்டு பேரு முன்னாடியே. வீடு மெதுவா கட்டிக்கலாம், என் நகையைக் குடுக்குறேன், நீங்க வந்துடுங்கன்னு. அழுகைதான். இருந்தாலும் நிறுத்தாம சொல்லி முடிச்சிட்டேன்."

"மாமியார்?"

"டீயை அப்படியே வச்சிட்டு எழுந்து போனாங்க. இன்னைக்கு வரைக்கும் என்கூட பேச்சில்ல."

"அவரு?"

"இந்தத் தடவை பேச்சை மாத்தலக்கா. 'இதை ஏன்டி நாப்பத்தஞ்சு நாளா சொல்லல?'ன்னு அழுதாங்க."